ஹாரன் அடிக்காத பஸ்

என் பெரியம்மாவிடம் யாராவது வம்பு செய்தால் அவர் சண்டைக்குப் போக மாட்டார். "எனக்கு மறதி வியாதி கெடையாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையிலிருக்கும் வேலையைத் தொடர்வார். முத்தாண்டிக்குப்பத்தில் அந்த ஒரு வாக்கியத்துக்கு நல்ல மரியாதை இருந்தது. கல்யாணமாகி நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வந்தபோது பாத்திரம் பண்டத்தோடு அதையும் நான் எடுத்து வந்தேன். என் மகளுக்கு மூன்று வயதாகும்வரை அதற்கு வேலை வரவில்லை.

எங்களுக்கு மாடி குவார்ட்டர்ஸ். கீழே ஓர் ஆபரேட்டரும் அவர் மனைவியும். பிள்ளைகள் படித்து முடித்து வெளியூர் போய்விட்டார்கள். அவர் மைன்ஸில் மண் வெட்டும் அந்த ராட்சச மெஷினை ஓட்டுபவர். என் வீட்டுக்காரருக்கு அதே மைன்ஸில் ஒர்க் ஷாப், ஜெனரல் ஷிப்ட். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். பகல் முழுக்க நானும் மகளும் நான்கு சுவரும்.

ஒருநாள் அவள் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். காலுக்கடியில் தரை பேசியது. டொக். சின்ன இடைவெளி. டொக் டொக். கீழ் வீட்டு ஒட்டடைக் குச்சியின் அடிக்கட்டை அது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த வாரமே கேன்டீனில், நாலு பேர் முன்னால், அந்த ஆபரேட்டர் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"கொழந்தையப் பெத்தா மட்டும் பத்தாது தம்பி, அடக்கவும் தெரியணும். மாட்டுக் கொட்டாய் மாதிரி ஓட வுட்டுக்கினு இருந்தா நா எப்டித் தூங்கறது? மெஷின் மேல கண்ணசந்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீ வந்து பதில் சொல்வியா?"

இதை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

"மாட்டுக் கொட்டாயா?" என்றேன்.

"அத வுடு. தூக்கம் கெட்டுப்போய் மெஷின் ஏறுனா ஆள் உயிர் போற வெவகாரம். பாப்பாவ நீதான் பாத்துக்கணும்."

மாட்டுக் கொட்டாய்க்கு என்னிடம் பதில் இருந்தது. உயிருக்கு இல்லை. அதனால் அடங்கினேன். அடங்கியதை மறக்கவில்லை.

முதலில் அவர் எப்போது தூங்குகிறார் என்று தெரிய வேண்டுமே. நைட் ஷிப்ட் வாரம் என்றால் காலையில் தூக்கம், பர்ஸ்ட் ஷிப்ட் வாரம் என்றால் மதியம். கணக்கு வைத்து எனக்குக் குழம்பியது. மகள்தான் வழி கண்டுபிடித்தாள். மாடிப்படித் திருப்பத்தில் நின்று குனிந்து பார்த்தால் கீழ் வீட்டு வாசல் தெரியும். வாசலில் அவருடைய கறுப்பு சேஃப்டி ஷூ இருந்தால் ஆள் உள்ளே. இல்லாவிட்டால் டூட்டி. எழுந்ததும் பல் தேய்க்கும் முன் அவள் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். "ஷூ இருக்கு" என்று உதட்டில் விரலை வைத்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் காற்றுகூட நுனிக்காலில்தான் நடக்கும்.

மூன்று வயதுப் பிள்ளையைச் சத்தமில்லாமல் விளையாட வைப்பது எப்படி என்பதில் எனக்கு ஒரு பட்டமே கொடுக்கலாம், அவ்வளவு படித்தேன். இட்லித் தட்டின் குழிகளில் பழைய துணி பரப்பி, ஒரு குழிக்கு ஒரு மொச்சை, அடுத்த குழிக்கு இரண்டு. துணி எதற்கு என்றால் மொச்சை விழுந்து 'டிங்' என்று கேட்டுவிடக் கூடாது. மஞ்சளும் பீட்ரூட் சாறும் கலந்து பிசைந்த கோதுமை மாவு, கை வழுக்கிக் கீழே விழுந்தாலும் வாயைத் திறக்காது. ஒரு மக் தண்ணீரும் ஒரு பிரஷும் கொடுத்தால் சமையலறைச் சிவப்புத் தரையில் யானை வரைவாள். ஃபேனைப் போட்டால் தும்பிக்கை முதலில் காயும், அப்புறம் காது. கடைசியில் வால் மட்டும் இருக்கும். அதை அவள் விரலால் தொட்டு அழிப்பாள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் புடவையைக் கட்டி உள்ளே டார்ச் அடித்தால் நாய், கொக்கு, மான் எல்லாம் வரும். நாய் மட்டும் குரைக்காது.

அவளுக்கு உயிரான விளையாட்டு பஸ். பெட்ஷீட்டில் அவள் உட்கார்ந்துகொள்ள, நான் முனையைப் பிடித்து வீடு முழுக்க இழுப்பேன். கட்டில் டவுன்ஷிப்பின் ஒரு பிளாக், ஃபிரிட்ஜ் இன்னொரு பிளாக், அம்மிக்கல் பஸ் ஸ்டாண்டு. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு பொம்மை ஏறும். பஸ் என்றால் ஹாரன் வேண்டுமே. வாயை மட்டும் பெரிதாகத் திறந்து திறந்து மூடச் சொல்லிக் கொடுத்தேன். 'பாம் பாம்' என்று உதடு சொல்லும், சத்தம் வராது. அவள் அதை எவ்வளவு அழகாகச் செய்வாள் தெரியுமா? நான் கை தட்டுவேன். அதையும் சத்தமில்லாமல்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் குச்சி சும்மா இருக்காது. ஒரு டம்ளர் கை தவறினால், நாற்காலி கொஞ்சம் நகர்ந்தால், டொக், டொக் டொக்.

அப்போதுதான் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தேன். கீழிருந்து ஒரு முறை தட்டினால் அதில் சத்தம் போடும் சாமான் ஒன்று சேரும். இதுதான் என் சட்டம். முதலில் அந்த நடைவண்டியே போனது. பிறகு ஒரு பை கோலிக்குண்டு. உடைந்த குக்கரின் மூடி. இரண்டு கொட்டாங்குச்சி. திருவிழாவில் வாங்கிய விசில், குட்டி டமாரம். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு சொந்தக்காரர் பெண் ஆடி முடித்துப் பரணில் போட்டிருந்த சலங்கையைக் கேட்டு வாங்கி வந்தேன்.

என் வீட்டுக்காரர் ஒருநாள் மூடியைத் திறந்து பார்த்தார். "இன்னாடி இது, கடை கிடை வெக்கப் போறியா?"

"சீர் வரிசை. கீழ் வூட்டு சார் ரிட்டையர் ஆவறாரில்ல, அதுக்கு."

"உன்கிட்ட பகை வெச்சுக்கறவன் பாவம்" என்று மூடிவிட்டுப் போனார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். மே மாதக் கடைசியில் அவர் ரிட்டையர் ஆனார். இனி மெஷின் இல்லை, உயிர் போகிற பயமும் இல்லை. மாலையும் சால்வையுமாகக் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். மாடியிலிருந்து பார்த்துச் சிரித்தேன். அவரும் மரியாதையாகத் தலையாட்டினார். பாவம், மாலை கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பாவமாக இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெட்டியை ஹால் நடுவில் இழுத்துப்போட்டுத் திறந்தேன். "இன்னைக்கி நீ எவ்ளோ வேணா சத்தம் போடலாம் கண்ணு. எடு!"

மகள் எதையும் தொடவில்லை. படிக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். உதட்டில் விரல்.

"ஷூ இருக்கும்மா."

ரிட்டையர் ஆனவர் ஷூவை எங்கே கொண்டுபோவார்? வாசலிலேயே விட்டிருந்தார். இனி நகரவே நகராத ஷூ. அவளுடைய கணக்கில் கீழ் வீட்டுத் தாத்தா இனி எழுந்திருக்கவே மாட்டார்.

"அவருக்கு ஷிப்டே முடிஞ்சி போச்சிடா. இனிமே தூங்க மாட்டாரு." அவள் நம்பவில்லை. நானே கோலிக்குண்டுப் பையைத் தரையில் கவிழ்த்தேன். குக்கர் மூடியை அடித்தேன். அவள் ஓடிவந்து இரண்டு கையாலும் என் வாயைப் பொத்தினாள். சத்தம் வந்தது மூடியிலிருந்து. அவள் பொத்தியது என் வாயை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அழுகைக்குக்கூடச் சத்தமில்லை.

கீழேயும் பதில் இல்லை. குச்சி வரவில்லை. சாயங்காலம் தோட்டத்துக் குழாயடியில் அந்த மனிதர் சொன்னார்: "என்னாம்மா, காத்தால மேல ஒரே கலகலப்பு? அவ கோயிலுக்குப் போய்ட்டா, நா தனியாத்தான் இருந்தேன். நல்லா இருந்துச்சி." விழித்திருக்கும் ஆளைச் சத்தம் என்ன செய்யும்? ஒன்றரை வருஷம் ஊறவைத்த பழி இரண்டு நிமிஷத்தில் நீர்த்துப்போனது.

ஜூனில் எல்கேஜி. இரண்டாவது வாரம் மிஸ் என்னைக் கூப்பிட்டார். "எல்லாப் பாட்டும் தெரியுது உங்க பாப்பாவுக்கு. வாய் கரெக்ட்டா அசையுது. குரல் மட்டும் வரல. கிட்ட போய்க் காது வெச்சாலும் வரல. டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்களேன்."

டாக்டர் வேண்டாம் என்று எனக்குத் தெரியும். கைதட்டி அந்த ஹாரனைக் கற்றுக்கொடுத்தவளே நான்தானே.

வீட்டுக்கு வந்தும் படியேறவில்லை. மகளை மட்டும் மேலே ஏற்றிவிட்டு, நேராகக் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். டொக், டொக் டொக். அவரே திறந்தார். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"சார், உங்க ஷூவ மாட்டிக்கினு மேல வாங்க."

"எதுக்கும்மா?"

"குதிக்கறதுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முட்டி தேஞ்சி போச்சின்னு சொல்லியிருக்காங்கம்மா எனக்கு."

"எம் பொண்ணு முட்டி நல்லாத்தான் இருந்துச்சி. ஒங்க தூக்கத்துக்காக ஒன்றர வருஷம் அவ குதிக்கல, ஓடல, வாயத் தொறக்கல. இப்பப் பள்ளிக்கூடத்துல பேச்சே வரல. நீங்க முழிச்சிக்கினு இருக்கீங்கன்னு அவ கண்ணால பாக்கணும். அதுவும் அந்த ஷூவோட பாக்கணும்."

அவர் முகம் மாறியது. உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். "எங்க வூட்ல அவகிட்ட சொல்லிடாத. கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வர்றேன்."

ஷூவோடு அவர் எங்கள் ஹாலில் வந்து நின்றபோது மகள் மேஜைக்கடியில் போய்விட்டாள். நான் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "ம், குதிங்க" என்றேன்.

சின்னதாக ஒரு குதி. "இதெல்லாம் சேராது. நல்லா." தம் என்று ஒன்று. மேஜைக்கடியிலிருந்து இரண்டு கண்கள் ஷூவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தன. "இன்னும்." தம், தம். முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். எனக்குள் ஏதோ குளிர்ந்தது. பொய் சொல்லவில்லை.

அப்போது தரை பேசியது. டொக். இடைவெளி. டொக் டொக்.

தூக்கிய காலோடு அவர் அப்படியே நின்றார். நானும்தான். ஒன்றரை வருஷமாகக் கேட்ட அதே தட்டு, அதே இடைவெளி. தட்டுகிறவர் என்று நான் நினைத்த ஆள் என் எதிரில் ஒற்றைக்காலில் நிற்கிறார்.

கீழிருந்து குரலும் வந்தது: "கொஞ்சமாச்சும் அறிவு வேணாம்? மேல என்ன மாட்டுக் கொட்டாயா?"

"அவதாம்மா" என்றார் மெதுவாக. "எப்பவும் அவதான். கேன்டீன்ல சொன்னதுகூட அவ சொல்லிக் குடுத்ததுதான். நா படுத்தா சோத்துக்கு எழுப்புனாத்தான் எழுந்திரிப்பேன்."

அந்த அம்மாள் வாரம் தவறாமல் தோட்டத்துக் கறிவேப்பிலையை ஒடித்து, சிரித்துக்கொண்டே என் கையில் தந்தவர். நான் அதைத் தாளித்துத் தின்றுகொண்டிருந்தேன். மெஷின் ஏறுகிற புருஷனை நினைத்து முதலில் அவருக்குப் பயம் இருந்திருக்கும், பிறகு அதுவே பழக்கமாகியிருக்கும். புரியாமல் இல்லை. புரிந்துவிட்டால் கோபம் போய்விட வேண்டும் என்று யார் சொன்னது?

மகள் மேஜைக்கடியிலிருந்து ஊர்ந்து வந்தாள். பெரிய மனிதரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். அவரும் பயந்துபோனவராகத் தன் உதட்டில் விரலை வைத்துக்கொண்டார். ஒற்றைக்கால் தள்ளாடியது. தூக்கிய கால் தானாகக் கீழே வந்தது. தம்!

டொக், டொக் டொக்.

அவள் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு தொண்டையால், பிறகு வயிற்றிலிருந்து. தாத்தாவையும் திட்டுகிறார்கள்! தாத்தாவும் மாட்டிக்கொண்டார்! கெக்கெக்கே என்று அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். தம். டொக் டொக். தம் தம். கீழே குச்சி களைத்துப்போகும்வரை.

"போதுமாம்மா?" என்றார் அவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"ஒங்களுக்குப் போதும் சார். நாளைக்கி முட்டிக்கு ரெஸ்ட் குடுங்க." அப்போதுதான் தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாள் காலை எனக்குக் கறிவேப்பிலை தேவைப்பட்டது. மகளின் இரண்டு காலிலும் சலங்கையைக் கட்டினேன். கழுத்தில் டமாரம். கையில் கொட்டாங்குச்சி. படி ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், இருவரும் இறங்கினோம்.

கதவைத் திறந்த அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். "என்னாடி இது, இந்தச் சத்தம்?"

"கறிவேப்பிலைக்கு வந்தோம் அக்கா" என்றேன், அவருடைய சிரிப்பையே திருப்பிச் சிரித்து.

மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். வாயைப் பெரிதாகத் திறந்தாள்.

"பாம்! பாம்!"

மூன்றாவது பிளாக் வரைக்கும் கேட்டிருக்கும்.