சுவர்ப் பல்லியும் எங்கள் லினக்ஸும்

சின்ன காஞ்சிபுரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஒருவருக்கு நெற்றி நிறைய நாமம், கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்போன். பல்லி சொல்லாமல் எந்த மென்பொருளையும் கணினியில் ஏற்ற மாட்டார். சுவரைப் பார்த்தபடி காத்திருப்பார்.

பக்கத்து ஏனாத்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாங்கள், விண்டோஸுக்கு மாற்றாக யாரும் காசில்லாமல் பயன்படுத்தும்படி, தமிழில் ஒரு லினக்ஸ் இயங்குதளம் தயாரிக்கக் கிளம்பியிருந்தோம். அதில் மென்பொருள்களை நிறுவ ஆர்பிஎம் முறையா, டெப் முறையா என்று அவர் கடையிலேயே அடித்துக்கொண்டோம். குழு உடைகிற நிலை.

"ஏன்பா கத்திக்கினு கீறீங்க? ஒவ்வொரு பேரா சொல்லிட்டு கம்முனு இருங்க. பல்லி சொல்லும்," என்றார்.

சொன்னோம். ஆர்பிஎம்முக்கு மௌனம். டெப் என்றதும் பல்லி சத்தமிட்டது.

சாமியே கும்பிடாத ஆர்பிஎம் கட்சி நண்பன் துள்ளி எழுந்தான். "எந்தத் திசையில சொல்லிச்சு? பஞ்சாங்கத்த எடுங்க சார்!"

எடுத்தார். அந்தக் கிழமைக்கு, அந்தத் திசைக்கு, பலன் கலகம். அப்படியே பலித்தது. குழு அன்றே இரண்டானது.

கிளம்பும்போது அவருடைய கணினியைப் பார்த்தேன். திருட்டு விண்டோஸ்.

"இதுக்கு பல்லி சொல்லிச்சா சார்?"

"இத மட்டும் கேக்கல பா. அது பாட்டுக்கு சும்மா இருந்துட்டா, கடைய எப்படி நடத்துறது?"

அவர் பல்லியை நம்பினாரா, அதற்குப் பயந்தாரா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.