அம்மா படத்தைப் பகவதி திருத்தியது

பகவதிக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று அவளுடைய அண்ணன் சிவதாணு சொல்லிச் சொல்லியே சொந்தக்காரர்கள் எல்லோரும் நம்பிவிட்டார்கள். கரமனை முதல் நாகர்கோவில் வரை அந்தப் பேர் பரவியிருந்தது. உண்மையில் அவளுக்குத் தெரிந்தது, சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மொத்த வியாபாரியிடம் பில் போடுவதும், சாயங்காலம் இருப்பைச் சரிபார்ப்பதும்தான். அதில் அவளுக்குக் கை தவறியதில்லை. ஆனால் திரையில் வழக்கமில்லாத பெட்டி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டால், எதையும் தொடாமல் எழுந்து நின்று பக்கத்து மேஜை சபீனாவைக் கூப்பிடுவாள்.

அம்மா இறந்தபோது, பதினாறாம் நாள் காரியமான அடியந்திரத்துக்குச் சுவரில் மாட்ட ஒழுங்கான படம் ஒன்றுகூட இல்லை. கேமராவைக் கண்டாலே அம்மாவின் முந்தானை முகத்துக்கு வந்துவிடும். தேடிக் கிடைத்தது ஒன்றுதான், ஏதோ கல்யாணத்தில் சிவதாணு போனில் எடுத்தது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஐஸ்கிரீம் வண்டி. தோளருகே யாருடையதோ முழங்கை. நோய் தொடங்கியிருந்த நேரம், கன்னங்களில் மங்கு கறுப்பாகப் படர்ந்திருந்தது.

“ஸ்டுடியோவில குடுத்திரலாமே,” என்றாள் சிவதாணுவின் மனைவி பத்மஜா.

“எதுக்கு? வீட்டிலேயே ஆள் இருக்கும்போது!” என்றான் சிவதாணு. “ நாள் முழுக்க பகவதி எதுல இருக்கா? கம்ப்யூட்டர்லல்லா?”

தெரியாது என்று சொல்ல பகவதி வாயெடுத்தாள். அதற்குள் அப்பா வன்னியபெருமாள் தலையைத் தூக்கினார். அம்மா போனதிலிருந்து அவர் யார் முகத்தையும் பார்த்திருக்கவில்லை.

“நல்லா வரணும் மக்ளே. சீக்கு வரதுக்கு முன்ன எப்படி இருந்தாளோ, அப்படி.”

“சரிப்பா,” என்றாள் பகவதி.

மறுநாள் கடையில், சாப்பாட்டு நேரத்தில், படம் திருத்தும் மென்பொருளைத் தேடினாள். எல்லாமே புதியவர்களுக்கு எளிது என்றுதான் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டன. முதலாவதைத் திறந்தால் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டிப் படங்களாக வரிசை கட்டி நின்றன. முழங்கையைத் தொட்டாள். அது போகவில்லை, அதைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் ஒரு கோடு ஓடத் தொடங்கியது. பயந்து மூடிவிட்டாள். இரண்டாவது, முழங்கையை அழகாக எடுத்துவிட்டு, சேமிக்கும்போது அம்மா முகத்தின் குறுக்கே தன் பேரை எழுதிவைத்தது. அடுத்தது, படத்தைப் பார்க்கும் முன்பே பேங்க் கார்டு எண்ணைக் கேட்டது.

சபீனா எட்டிப் பார்த்தாள். “சேச்சி, இதுக்கெல்லாம் கோர்ஸ் படிக்கணும். போன்ல ஒரு ஆப் உண்டு. ஒரு தொடல் மதி, வேற ஒண்ணும் வேண்டாம். என் கல்யாண போட்டோ மொத்தமும் அதுலதான் செஞ்சது. இல்லாட்டி நான் இத்தனை வெளுப்பா, நீங்களே சொல்லுங்க?”

ஒரு தொடல். முழங்கை போயிற்று, ஐஸ்கிரீம் வண்டி போயிற்று, கன்னத்து மங்கு இருந்த இடம் தெரியவில்லை. நோய்க்கு முந்தைய அம்மா. பகவதி அந்தக் கன்னங்களையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்கு அனுப்பினாள்.

சிவதாணு ‘நம்ம பகவதி செஞ்சது’ என்று எழுதிக் குடும்பத்து வாட்ஸாப் குழுவில் போட்டான். பெரிதாகப் பிரிண்ட் எடுத்தான். கடையிலேயே உயர்ந்த சட்டம் வாங்கினான். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே விரல் போகும் அளவுக்கு ஆழமான சட்டம்.

அடியந்திரத்தன்று காலையில் படத்தை மாட்டி மாலை போட்டார்கள். சொந்தங்கள் வந்து நிறைந்தார்கள். குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்த அப்பா படத்துக்கு நேரே நின்றார். வெகுநேரம் நின்றார்.

“மக்ளே,” என்றார். “பொட்டு எங்க?”

பகவதி அப்போதுதான் நெற்றியைப் பார்த்தாள். அம்மா மிளகளவுதான் குங்குமம் வைப்பாள். கன்னத்து மங்கைத் துடைத்த கையோடு, அதையும் ஒரு கறை என்று அந்த ஆப் துடைத்திருந்தது. சுமங்கலியாகப் போனவள் சுவரில் கைம்பெண்ணாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நான் இருக்கேன்லா?” என்றார் அப்பா. கோபமாகக்கூட இல்லை.

அவள் போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். சிவப்பு நிறத்தைத் தேடிப் பிடித்து ஒரு புள்ளி வைத்தாள். சட்டைப் பொத்தான் மாதிரி இருந்தது. அழித்துவிட்டு வைத்தது புருவத்தில் விழுந்தது. இன்னொன்று மூக்கில் விழுந்தது.

சிவதாணு பின்னாலேயே வந்தான். “ஏட்டி, ஒரு பொட்டுதானே? உனக்கு ஒரு நிமிஷத்து வேலை.”

“எனக்குத் தெரியாதுண்ணே.”

“என்னட்டி தெரியாது? எத்தனை பில்லு போடுத!”

“பில்லுக்குப் பொட்டு வைக்கிறதில்லையேண்ணே!”

அவள் அழத் தொடங்கினாள். அவன் பிரிண்ட் போடும் கடைக்கு போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை.

அவர்கள் கூடத்துக்குத் திரும்பியபோது அப்பா குங்குமச் சிமிழைத் திறந்திருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, மோதிரவிரலால் கண்ணாடிமேல் மெதுவாக ஒற்றினார். “அது போதும், அம்சமா இருக்கு,” என்றாள் ஒரு பெரியம்மா. எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். சடங்கு தொடங்கியது.

பகவதி கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தாள். பொட்டு அம்மாவின் நெற்றியில் இல்லை, மேலே தலைமுடிக்குள் இருந்தது. இடப்பக்கம் நகர்ந்து பார்த்தாள். அது வலப்பக்கக் காதை நோக்கிப் போனது. பொட்டு கண்ணாடிமேல் இருந்தது, அம்மா விரலளவு பின்னால் இருந்தாள்.

அப்பா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். “உட்காரும், நேரமாகும்,” என்று யாரோ சொன்னார்கள். பகவதி ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் போட்டாள். அங்கே நின்று பார்த்தபோது பொட்டு அம்மாவின் நெற்றியில் சரியாக இருந்தது.

அவர் உட்காரவில்லை.