மரங்கொத்திக்கு முன்னால்

தோளில் கிடக்கும் பையை இறக்குவதற்கு முன்பே கணினியைப் போட்டுவிடுகிறார் நம்மவர். நின்றபடியே முதலில் திறப்பது தன் வேலையை அல்ல, 'மாற்ற வரலாறு' என்ற பக்கத்தை. நேற்றிலிருந்து யார் யார் எந்தப் பதிவைத் தொட்டார்கள் என்று அதில் வரிசையாக இருக்கும். உதடு அசையப் படித்துக்கொண்டே போகிறவர் ஒரு பெயரில் நின்றுவிடுகிறார். "வந்துட்டான்யா. பதினேழு பதிவு! இவனுக்கு வீடு வாசல் கிடையாதா சார்?" பிறகுதான் உட்காருகிறார்.

'இவன்' என்பது மரங்கொத்தி. வேறு ஏதோ ஒரு நூலகத்தில் இதே வேலையைப் பார்க்கும் யாரோ ஒருவர் வைத்துக்கொண்ட புனைபெயர். எந்த ஊர், என்ன வயது, எதுவும் தெரியாது.

நம்மவர் எங்கள் நூலகத்தில் புத்தகங்களுக்குப் பதிவு எழுதும் பட்டியலாளர். எனக்குப் பக்கத்து மேசை. முன்பெல்லாம் நூலாசிரியரின் பெயரைப் பதிவில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. இப்போது ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். புத்தகத்தை அந்த எண்ணோடு கட்ட வேண்டும். அந்த எண்ணை மற்ற நூலகங்களின் எண்களோடு கட்ட வேண்டும். இங்கே போடும் முடிச்சு இருநூறு நூலகங்களில் விழும். மென்பொருள் தானாகவே கேட்கும்: 'இவரும் அவரும் ஒருவரா? வாய்ப்பு தொண்ணூற்றாறு விழுக்காடு.' பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான்.

அந்தப் பொத்தானை அவர் எளிதில் தொடமாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முன்னுரை, நன்றியுரை, பின்னட்டை எல்லாவற்றையும் மூக்கருகே வைத்துப் பார்ப்பார். இரண்டு சான்று வேண்டும் அவருக்கு. "மிஷினு ஆயிரம் சொல்லும் சார். சான்று எங்க? அதக் காட்டச் சொல்லுங்க." இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, உதவிப் பக்கங்களை அச்செடுத்து, ஓரமெல்லாம் பென்சிலால் கிறுக்கித் தானே கற்றது. ஓர் ஆசிரியருக்கு அரைநாள் ஆகிவிடும். அதற்குள் அதே ஆசிரியரை மரங்கொத்தி கொத்திவிட்டுப் போயிருக்கும். அதுவும் சரியாக. தப்பாகக் கொத்தியிருந்தால் மனுஷன் மன்னித்திருப்பார்.

மாலையில் தபால் அலுவலக வேலை முடிந்து அவரைக் கூட்டிப்போக வரும் மனைவிக்கும் இந்தக் கதை மனப்பாடம். "அந்த மரங்கொத்தி பொம்பளையா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. சக்களத்தின்னு தெரிஞ்சா சண்டையாவது போடலாம். சோத்துல கை வச்சா அதே பேச்சு."

"வயிறு எரிஞ்சுகிட்டு ஒருத்தன் உக்காந்திருக்கேன், நீ வேற."

போன வாரம் ஓர் அம்மாள் நேராக அவர் மேசைக்கு வந்தார். தேனீ வளர்ப்பு பற்றி இரண்டு புத்தகம் எழுதியவர். ஒரு கடிதத்தை நீட்டினார். "நான் செத்து முப்பது வருஷமாச்சுன்னு உங்க பட்டியல்ல போட்டிருக்காம். அதப் பாத்துட்டு, புத்தகத்த மறுபடி அச்சடிக்க என் வாரிசுகிட்ட அனுமதி கேட்டு பதிப்பகத்துலேருந்து எழுதியிருக்காங்க. எனக்கு வாரிசே கிடையாதுப்பா. நான் எங்க போவேன்?"

நம்மவர் தேடினார். கணக்குப் பாடநூல்கள் எழுதி முப்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒருவருக்கும் இந்த அம்மாளுக்கும் ஒரே பெயர், ஒரே முதலெழுத்து. யாரோ இரண்டு பேரையும் ஒரே எண்ணில் கட்டியிருந்தார்கள். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"மாட்டினான்! உக்காருங்கம்மா. உங்களக் கொன்னவன் யாருன்னு இப்பவே காட்டுறேன். சார், நீங்களும் வாங்க, சாட்சி வேணும்."

அந்தப் பதிவின் மாற்ற வரலாறு திறந்தது. மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியில் மரங்கொத்தியின் குறிப்பு ஒன்று: 'இவர்கள் இருவர் என்று படுகிறது. இணைக்க வேண்டாம்.' அதற்குக் கீழே, 'தேவையற்ற ஐயம்' என்று தள்ளிவிட்டு இணைத்திருந்தது நம்மவரின் பெயர். சான்றுக்கான கட்டம் காலியாக இருந்தது.

கண்ணாடி நெற்றியிலிருந்து தானாகச் சரிந்து மூக்கில் உட்கார்ந்தது. "அவன் ரெண்டு பேருன்னானே, அதுக்காகவே ஒருத்தர்னு அழுத்தியிருக்கேன் சார்," என்றார் என் பக்கம் திரும்பாமல்.

"யாருப்பா அது?" என்றார் அம்மாள்.

"நான்தாம்மா."

"சரி, போகுது. உசுரத் திருப்பிக் குடு. நான் பஸ்ஸப் பிடிக்கணும்."

கட்டியதைப் பிரித்து, புத்தகங்களை ஒவ்வொன்றாக உரியவரிடம் சேர்த்தார். அம்மாளின் பிறந்த ஆண்டைக் கேட்டுக்கொண்டு, எழுந்துபோய் அடுக்கிலிருந்து தேனீப் புத்தகத்தையும் எடுத்துவந்து பின்னட்டையைப் பார்த்தார்.

"நான்தான் எதிர்ல உக்காந்திருக்கேனே!"

"அது ஒரு சான்றும்மா. இன்னொண்ணு வேணும்."

அம்மாள் உயிரோடு கிளம்பிப் போனார். பதிவை மூட ஒரு கட்டம் மட்டும் மிச்சம்: 'பிழையைச் சுட்டியவர்.' அதை நிரப்பாமல் மென்பொருள் விடாது. தன் பெயரைப் போட்டிருக்கலாம், அம்மாளின் பெயரையும் போட்டிருக்கலாம். என்னை ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு இடது கையை விரித்துத் திரையை எனக்கு மறைத்துக்கொண்டு, வலது கையின் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். விரலிடுக்கில் 'மரங்' வரைக்கும் தெரிந்தது.