சிங்கத்தின் கடைவாய்ப்பல்

சிங்கப்பல் என்றால்தான் கடைத்தெருவில் அவரைத் தெரியும். இந்திய அரண்மனைகளிலிருந்து வந்த பழைய நாற்காலிகளைப் பழுதுபார்க்கும் தச்சர். அவற்றில் முதலில் உடைவது கைப்பிடி நுனியில் வாய் பிளந்து நிற்கும் சிங்கம்தான். அவர் செதுக்கிய புதுச் சிங்கத்தை, நாலு வருஷம் போனால், அவராலேயே பழசிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு கை. அதனாலேயே தன் சிங்கங்களுக்கு உள்வாயில் ஒரு கடைவாய்ப்பல்லைக் குறைத்துவிடுவார். விரலை விட்டால் பள்ளம் தட்டுப்படும். இந்த ரகசியம் தெரிந்த இன்னொரு ஆள், கடையைக் கவனித்த தம்பி மட்டும்.

தம்பி வாயாலேயே பந்தல் போடுவான். அண்ணன் பேசினால் பத்து வார்த்தை தேறாது. ஆனாலும் வாங்க வருகிறவர்கள், அண்ணன் என்ன சொல்கிறார் என்றுதான் கேட்பார்கள்.

ராஜா உட்கார்ந்தது என்று தம்பி ஒருநாள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து இறக்கினான். டாக்டரம்மா ஒருவர் விரும்பிக் கேட்டார். சிங்கப்பல் அதன் இரண்டு சிங்கங்களின் வாயிலும் விரலை விட்டார். பற்கள் முழுசாக இருந்தன. பிடரி மயிர் அவர் கைவேலை போலவே சுருண்டிருந்தது. நம்மை மாதிரியே ஒருத்தன் அந்தக் காலத்தில் இருந்திருக்கிறான் என்று மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பழசுதாம்மா. நம்பி எடுங்க."

எட்டு மாதம் கழித்து டாக்டரம்மா ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே, நாற்காலியைத் துடைக்கும்போது உதிர்ந்த ஒரு மரக் கடைவாய்ப்பல்; அடியில் காய்ந்த பசை. அதை ஒட்டித் தரவேண்டும் என்றார், துளிச் சந்தேகமும் இல்லாமல். அதுதான் சிங்கப்பலுக்குச் சுருக்கென்று தைத்தது.

"இந்தச் சிங்கம் நான் செஞ்சதும்மா. நாற்காலியத் திருப்பி அனுப்பிடுங்க."

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். உங்களுக்குத் தெரியாமலா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

எப்போதோ அண்ணன் செய்த கைப்பிடிகளை மாட்டிப் பல்லும் ஒட்டியதைத் தம்பி மறுக்கவில்லை. முகத்தில் ஈயாடவில்லை என்று எழுத ஆசைதான், அவன் சிரித்தான்.

"உன்னாலயே கண்டுபிடிக்க முடியலையே அண்ணே. அப்புறம் என்ன புதுசு, பழசு?"

சிங்கப்பல் பல்லை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். உப்புத்தாள் போட்டு எவ்வளவு பொறுமையாக வழவழப்பாக்கியிருக்கிறான். வாங்குகிறவர் எவரும் சிங்கத்தின் வாய்க்குள் விரலை விடுவதில்லை. உலகத்தில் அங்கே போகிற விரல் ஒன்றே ஒன்றுதான். கூடப் பிறந்தவன் அதற்காகத்தான் உட்கார்ந்து மெனக்கெட்டிருக்கிறான்.