அம்மா தேடிக் கொடுத்த கதகதப்பு

அம்மா போய் இன்றோடு ஓராண்டு. வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் இலை போடும் வரைக்கும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். தம்பி வேலை பார்க்கும் அச்சகத்தில் எட்டுப் பக்கம் அச்சடித்துத் தர ஒத்துக்கொண்டார்கள். படத்துக்கு ஒரு பக்கம், தேவாரத்துக்கு ஒரு பக்கம் போக மீதியை நான்தான் எழுத வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். "அம்மாவப் பத்தி உனக்குத்தான் தெரியும் அக்கா" என்றான். தெரியும்தான். எழுதுவதற்குத்தான் தெம்பில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்த நடை இன்னும் காலில் இருக்கிறது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பிறந்தது புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், வானம் பார்த்த காட்டை நம்பியிருந்த ஒரு குடும்பத்தில். ஐந்து பேரில் மூன்றாவது பிள்ளை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதினேழு வயதில் சேந்தமங்கலம் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பா ரிக் வண்டியில் போர்க்கிணறு தோண்ட வடக்கே போனவர். முதலில் வருடத்துக்கு இரண்டு முறை வந்தார். பிறகு ஒரு முறை. பிறகு கடுதாசி மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது. இதற்கு மேல் அப்பாவைப் பற்றி இந்த மலரில் எழுத வேண்டாம் என்று நானும் தம்பியும் பேசி வைத்திருக்கிறோம்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்கள், இந்தப் பக்கம் அப்படி என்ன பெரிய குளிர் என்று கேட்கலாம். மலையடிவாரத்தில் ஒரு மார்கழி இருந்து பார்த்தால் தெரியும். பொழுது சாய்ந்ததும் கொல்லிமலையிலிருந்து காற்று இறங்க ஆரம்பிக்கும். மறுநாள் வெயில் ஏறும்வரை விடாது. எங்கள் வீடு ஒற்றை அறை, மேலே நாட்டு ஓடு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும். கதவுக்கடியில் பூனை போய்வரும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். எங்களுக்கு மச்சு இல்லாததால் இரண்டு பனியும் நேராக எங்கள் மேலேயே இறங்கின.

தம்பிக்கு இளைப்பு. ஐப்பசி மழையில் சளி பிடித்தால் பங்குனியில்தான் விடும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே பள்ளம் விழும். அவனுக்கு ஐந்து வயது, எனக்குப் பதினொன்று. அந்தக் கார்த்திகையில் நாமக்கல்லில் காட்டியபோது வைத்தியர், "பையனைக் குளிர்ல விடாதீங்கம்மா. இன்னொரு தடவை இப்படி இழுத்தா நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது அம்மா சொன்னார்: "தை மாசி முடியற வரைக்கும் இவனக் காப்பாத்தி உட்டுட்டாப் போதும் கண்ணு. அதுக்கப்பறம் வெயில் பாத்துக்கும்."

அந்த மூன்று மாதத்தைக் கடத்துவதுதான் அம்மாவுக்கு வேலையாகிப் போனது. கையில் காசில்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு கம்பளி, அதுவும் அம்மாவின் கல்யாணச் சீரோடு வந்தது. அது தம்பிக்குப் போய்விட்டது. எனக்கும் அம்மாவுக்கும் பழைய சேலைதான்.

நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் கோழிப்பண்ணைகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மைல் தூரத்தில் இருந்த பண்ணையில் அம்மாவுக்குக் குஞ்சுக் கொட்டகையில் வேலை. பொரித்த மறுநாளே குஞ்சுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். தரையில் நிலக்கடலை ஓடான கடலைத்தொப்பியைப் பரப்பி, அதன்மேல் பேப்பர் விரித்து, சுற்றிலும் தகட்டை வளைத்து நிறுத்தி, நடுவில் பல்புகளைத் தொங்கவிடுவார்கள். பக்கவாட்டில் சாக்குப் படுதா. கரண்ட் போனால் பற்றவைக்க மூலையில் கரியடுப்பு தயாராக இருக்கும். குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் குளிர்கிறது என்று பொருள். தகட்டோரம் ஒதுங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது. அம்மா படித்த பெரிய படிப்பு அதுதான்.

அந்தப் படிப்பை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். கிழிந்த தீவனச் சாக்குகளைப் பண்ணைக்காரரிடம் கேட்டு வாங்கி, துவைத்து, கோணியூசியால் நாலு நாலாகச் சேர்த்துத் தைத்தார். சுவரோரம் படுதா கட்டினார். கடலைத்தொப்பியை இரண்டு சாக்கில் அடைத்து எங்களுக்கு மெத்தை செய்தார். புரண்டால் நொறுநொறுவென்று சத்தம் கேட்கும். செங்கல்லை அடுப்பில் சுட்டுத் துணியில் சுற்றித் தம்பியின் காலடியில் வைப்பார். ராத்திரி எழுந்து எங்களைப் பார்க்கும்போதெல்லாம், நாங்கள் எப்படிப் படுத்திருக்கிறோம் என்றுதான் பார்ப்பார். இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு முடங்கியிருந்தால், "குமிஞ்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டுத் தன் மேலிருந்த சேலையையும் எடுத்து எங்கள்மேல் போட்டுவிடுவார்.

தீவனத்தில் கருவாட்டுத்தூள் கலப்பார்கள். சாக்கை எத்தனை முறை துவைத்தாலும் ஈரக்காற்று பட்டதும் நாற்றம் எழும்பிவிடும். அதில் படுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் யார் பக்கத்தில் உட்காருவார்கள்? 'கருவாட்டுக்காரி' என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். அழுதுகொண்டே வந்து அம்மாவிடம் சொன்னேன். "நாறாமச் செத்துப்போறதுக்கு நாறிக்கிட்டுப் பொழச்சுக் கெடக்கலாம், போ, மூஞ்சியக் கழுவு" என்றார். அம்மாவின் ஆறுதல் எப்போதும் அந்த மாதிரிதான் இருக்கும்.

இனி எழுதப்போவது பலருக்கும் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் தப்பாகத்தான் தெரியும்.

மார்கழி நடுவில் மூன்று நாள் விடாமல் மழை பிடித்துக்கொண்டது. ஓடு ஒழுகியது. படுதா, மெத்தை, சேலை, கம்பளி என்று எல்லாமே நனைந்துவிட்டன. அடுப்பெரிக்க வைத்திருந்த மரவள்ளிக்குச்சியும் ஈரம். மூன்றாம் நாள் விடிவதற்கு முன்பே தம்பிக்கு இழுப்பு ஆரம்பித்துவிட்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. முதல் பஸ் வர இன்னும் நேரமிருந்தது. அம்மா வேலைக்குப் போக வேண்டிய நேரமோ வந்துவிட்டது. சுற்று வட்டாரத்தில் ஈரம் படாமல் சூடாக இருக்கும் இடம் அம்மாவுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தம்பியைச் சாக்கில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பண்ணைக்கு நடந்தார்.

குஞ்சுக் கொட்டகைக்குள் வெளியாள் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது. சீக்கு வந்துவிடும் என்று பண்ணைக்காரரே மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அம்மாவுக்கு இது தெரியாதா? எங்கள் கால்களையும் நனைத்துத் துடைத்து உள்ளே விட்டார். தகட்டு வளையத்துக்குள்ளேயே ஓரமாகப் பேப்பர் விரித்துத் தம்பியைப் படுக்கவைத்தார். வந்து மூன்று நாளே ஆன குஞ்சுகள் அவனைச் சுற்றிக் கீச்சுக்கீச்சென்று ஓடின.

"நான் கெணத்துல இருந்து தண்ணி எடுத்து எல்லாக் கொட்டாய்க்கும் ஊத்தோணும். நீ இவனப் பாத்துக்க. கரண்ட் போச்சுதுன்னா ஒடனே கரியடுப்பப் பத்தவெச்சுட்டு எனக்கு ஒரு சத்தம் குடு. இல்லீனா குஞ்செல்லாம் குமிஞ்சு அமுங்கிச் செத்துப்போயிரும். தூங்கிறாத சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தகட்டை ஒட்டி உட்கார்ந்தேன். பல்புச் சூடு முதுகில் பட்டது. அந்த மார்கழி முழுக்க என் கால்விரல்கள் மரத்தே கிடந்தன. அவை இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

அம்மாவின் சத்தத்தில்தான் விழித்தேன். பல்புகள் அணைந்திருந்தன. படுதா இடுக்கில் வெளிச்சம் வந்திருந்தது. அந்தக் கொட்டகையிலேயே சூடாக இருந்தது காய்ச்சல்காரத் தம்பியின் உடம்பு ஒன்றுதான். அத்தனை குஞ்சும் அவன்மேல் குவிந்துவிட்டன. வயிற்றின்மேல், அக்குளில், கழுத்தடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அம்மா இரண்டு கையாலும் வாரி வாரி எடுத்துவிட்டார். மேலே இருந்தவை ஓடின. அடியில் இருந்தவை அசையவில்லை. செத்தவற்றை அள்ளிப் போட்டதில் ஒரு முறம் நிறைந்துவிட்டது. தம்பிக்கு மட்டும் இழுப்பு அடங்கியிருந்தது. ஒரு மாதத்தில் அவன் அப்படிச் சீராக மூச்சுவிட்டு நான் பார்த்ததில்லை.

பண்ணைக்காரர் வந்து நின்றார். "ஆரூட்டுப் பசங்க இது?" என்றார்.

"என்ற பசங்கதானுங்க. பையனுக்கு முடியலீங்க, அதான்..."

"கரண்ட் போனது கூடவா தெரியல உனக்கு?"

"நாந்தானுங்க தூங்கிப்போயிட்டேன்" என்றார் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் காலைத் தன் காலால் அழுத்தினார். பண்ணைக்காரர் முறத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். திட்டவில்லை. உள்ளே போய்க் காய்ந்த சாக்கு ஒரு கட்டு எடுத்துவந்து அம்மா கையில் கொடுத்தார். "இதப் போத்திப் பையன ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. நாளையிலருந்து இங்க வராத" என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

'வேலை நேரத்தில் தூங்கினவள்' என்ற பேச்சு ஊருக்குள் பரவியது. வேறு எந்தப் பண்ணையிலும் அம்மாவைச் சேர்க்கவில்லை. ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு கழுவப் போனார். விடிந்ததிலிருந்து பொழுதிறங்கும்வரை கை தண்ணீருக்குள் இருக்கும். விரலெல்லாம் வெளுத்து, வெடித்து, வெடிப்பில் ரத்தம் கசியும். விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு அடுப்பு முன்னால் கையைக் காட்டி உட்கார்ந்திருப்பார். எங்களை எழுப்பும்போது முழங்கையால்தான் தொடுவார். விரல் சில்லென்று இருக்குமாம், நாங்கள் நடுங்கிவிடுவோமாம். ஒவ்வொரு வெடிப்பும் நான் தூங்கிய தூக்கத்தால் வந்தது என்றே நினைத்தேன். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தால், "அடுப்பப் பாரு, பொங்குது" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

ஆனால் அந்தத் தையை அம்மா கடத்திவிட்டார். அடுத்த தையையும், அதற்கடுத்ததையும் கடத்தினார். பத்து வயதுக்கு மேல் தம்பிக்கு இளைப்பு தானாகவே விட்டுப்போனது. இன்று பந்தலில் வியர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருக்கிறானே, அவன்தான். என்னைச் சேலத்தில் கட்டிக்கொடுத்தார். ஃபேர்லேண்ட்ஸில் என் கணவர் கார் ஓட்டும் வீட்டின் பின்பக்கத்து அறையில் எங்கள் குடித்தனம். கடைசி இரண்டு வருடம் அம்மா எங்களோடுதான் இருந்தார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. நாற்பத்தைந்து வயதெல்லாம் ஒரு வயதா? ஆனால் உடம்பு எழுபதைத் தாண்டியிருந்தது.

போன வருடம் மார்கழியில் அம்மாவுக்கு எத்தனை போர்த்தினாலும் குளிரெடுத்தது. இப்போது எங்களிடம் நல்ல கம்பளி இரண்டு இருக்கிறது. இரண்டையும் போர்த்தி, கையை என் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொல்லிவிட்டேன். "அம்மா, அன்னைக்குக் கொட்டாயில தூங்குனது நானு. பழி உம்மேல வந்துருச்சு."

கண்ணைத் திறக்காமலே பேசினார். "தெரியும் சாமி. தண்ணிக் கொடத்த எறக்கிட்டு ஒருக்கா உள்ள வந்து பாத்தேன். அப்போ கரண்ட் இருந்துச்சு. நீ வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்கிட்டிருந்த. எழுப்போணும்னு கிட்டத்துல வந்தேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அந்த மாசம் பூராவும் நீ நடுங்காமத் தூங்கி நான் பாக்கவே இல்ல. எழுப்ப மனசு வல்ல. இன்னொரு நடை தண்ணி எடுத்து ஊத்திட்டு வந்து எழுப்பிக்கலாம்னு போயிட்டேன். அதுக்குள்ள கரண்ட் போயிருச்சு."

என்னைக் காப்பாற்ற அம்மா பொய் சொன்னார் என்றே அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அம்மா கணக்கில் அது பொய்யே இல்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் அந்த முறத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம். முன்பே பேசியிருக்கலாம். எங்கள் வீட்டில் பேசுவதற்கு யாருக்கும் நேரமிருந்ததில்லை. தை பிறந்த வாரத்தில் அம்மா போய்ச்சேர்ந்தார்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்தபோதெல்லாம் முகம் கோணாமல் வந்த ஆட்டோக்காரருக்கும், ஊசி போட வீட்டுக்கே வந்த நர்ஸம்மாவுக்கும், பின்பக்கத்து அறையில் காரியம் செய்ய அனுமதித்த வீட்டுக்காரர்களுக்கும், இந்த மலரை அச்சிட்டுக் கொடுத்த அச்சகத்தாருக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. கஷ்டகாலத்தில் எட்டிப் பார்க்காத சிலரும் இன்று வந்திருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. வந்ததற்குச் சந்தோஷம், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

பண்ணைக்காரர் இப்போது இல்லை. அவர் மக்களுக்கும் சொல்லியனுப்பியிருக்கிறோம். வந்திருந்தால் அவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தகப்பனார் கொடுத்த சாக்கைப் போர்த்திக்கொண்டுதான் அன்று தம்பி ஆஸ்பத்திரி போய்ச்சேர்ந்தான். அவருக்கு நாங்கள் நன்றி சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறோம். எங்கள் அம்மா வேலையில் தூங்குகிறவர் அல்ல. அன்று தூங்கியது நான். எங்களைக் கொட்டகைக்குள் விட்டதை நான் தவறென்று சொல்லமாட்டேன். அம்மா தன் ஆயுளில் வேலையில் தெரிந்து செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். என்னை எழுப்பாமல் போனார்.

இப்படிக்கு,
மூத்த மகள்