புதுநன்மைக்கு நீட்டிய முடி

மகள் விழுப்புரத்தில் கல்லூரிக்குப் போகிறாள். ஆண்டு விழாவுக்குப் பார்லரில் ப்ளோ டிரை போட்டுக்கொள்ளட்டுமா என்று போன வாரம் கேட்டாள். ஈர முடியில் சூட்டுக் காற்றை அடித்து, உருண்டை பிரஷ்ஷால் இழுத்து இழுத்து நீட்டிவிடுவார்களே, அதுதான். சூடு தலைக்குள் இறங்கி ஜுரம் வந்துவிட்டால்? முடி கருகி, விழா அன்றைக்கு முக்காடு போட்டுக்கொண்டு போகும்படி ஆகிவிட்டால்?

என்னிடம் ஜாக்கெட் தைக்க வருகிற பெண்களும் கல்யாணத்துக்கு முன்னால் இதையேதான் கேட்கிறார்கள். "யக்கா, அது வொர்த்தாக்கா, வேஸ்டா?" எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு முடி சாஸ்திரம் என்ன தெரியும்? ஆனால் நானும் ஒரே ஒரு முறை அதைப் போட்டுக்கொண்டிருக்கிறேன், பக்கத்து நாற்காலியில் சித்தி மகளும் போட்டுக்கொண்டாள். அதனால் இவ்வளவு சொல்ல முடியும். மெல்லிசான நேர் முடிக்கு அது பஸ் ஏறுகிறவரைக்கும். சுருட்டை முடிக்கு நன்றாகவே நிற்கும், தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமல் பார்த்துக்கொண்டால்.

அப்போது நான் நாலாவது. அந்த மே மாதம் எனக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். பெண்பிள்ளைகள் எல்லாம் வெள்ளை கவுன் போட்டு, தலையில் வெள்ளை முக்காடும் அதன்மேல் துணிப்பூ கிரீடமும் வைத்து, கையில் மெழுகுவத்தியோடு வரிசையாகப் போக வேண்டும். ஒத்திகையின்போதே என் கிரீடம் நிற்கவில்லை. சிஸ்டர் ஊசிமேல் ஊசியாகக் குத்துவார், என் சுருட்டை முடி அதை அப்படியே மேலே தூக்கும். மூன்றாவது தடவை அது எகிறிப்போய் முன்னால் நின்ற பெண்ணின் தோளில் உட்கார்ந்தது.

அந்த முடி எனக்கு அப்பா கொடுத்தது. அம்மாவுக்கும் சித்திக்கும் வாரினால் வழுக்கிக்கொண்டு போகிற முடி. அப்பா நான் ஒன்றாவது சேர்ந்த வருடம் சவுதிக்குப் போனவர், ஏதோ விசா தகராறில் நடுவில் ஒருமுறைகூட வர முடியவில்லை. எனக்கு அவர் முகம் சரியாக நினைவில் இல்லை. சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவில், நெற்றிக்கு மேலே சுருள் சுருளாக நின்ற முடிதான் எனக்கு அப்பா.

புதுநன்மைக்கு வந்துவிடுவதாகப் பக்கத்து வீட்டுப் போனில் சொன்னார். காலையில் சென்னையில் இறங்கியதும் மாமா கார் எடுத்துப்போய் நேராகக் கோயிலுக்கே அழைத்து வந்துவிடுவாராம். எனக்கு ஒரே பயம். என்னை அடையாளம் தெரியுமாப்பா என்று கேட்டேன். சிரித்தார். "எத்தினி பொண்ணுங்க வெள்ள கவுனு போட்டுக்கினு நின்னாலும் உன் முடிய வச்சே கண்டுபுடிச்சிடுவேன் பாப்பா." போனை வைத்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அந்த முடியைத்தான் சித்தி நீட்ட வேண்டும் என்றாள். திண்டிவனத்தில் புதிதாக ஒரு பார்லர் வந்திருக்கிறது, கம்பி மாதிரி ஆக்கிவிடுவார்கள், கிரீடம் அசையாது என்றாள். தன் மகளுக்கும் போடப்போவதாகச் சொன்னாள். அம்மா மடங்கிவிட்டாள். முதல்நாள் சனிக்கிழமை அம்மாவும் சித்தியும் எங்கள் இருவரையும் கூட்டேரிப்பட்டில் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார்கள். முடி மாறிவிட்டால் அப்பாவுக்குத் தெரியாதே என்று பஸ்ஸில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"பெத்தவருக்குத் தெரியாதா இன்னா? பேஜாரு பண்ணாம குந்து" என்றாள் சித்தி.

பார்லர்காரம்மா என் தலையில் கையை விட்டதும் எடுக்க முடியாமல் கொஞ்ச நேரம் நின்றார். "இன்னாக்கா இது, முடியா, பாத்திரம் தேய்க்கிற நாரா?" என்றார். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். டிரையர் காதோரம் இரைந்தது. காது வெந்து கழன்று விழுந்துவிடும் என்று நான் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன். முடித்துவிட்டு அவர் சட்டம் போட்டார்: தண்ணீர் படக்கூடாது, வேர்வைகூடப் படக்கூடாது, எண்ணெய் வைத்தால் எல்லாம் பாழ். எண்ணெய் என்றதும் அம்மாவுக்கு முகம் சுருங்கியது. நல்ல நாளும் அதுவுமாகப் பெண்பிள்ளை வறட்டுத் தலையோடு போவதா?

"உங்களுக்கும் போட்டு உட்டுடட்டுமாக்கா? ஊட்டுக்காரரு வர்றாருன்னீங்களே" என்று அந்தம்மா கேட்டார்.

"எனக்கு இன்னாத்துக்கு?" என்று அம்மா சிரித்தாள். ஆனால் அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் சீப்பை எடுத்து, கண்ணாடியில் குனிந்து, நேராக இருந்த வகிட்டையே இன்னொரு தடவை நேராக்கிக்கொண்டாள்.

அதே கண்ணாடியில் எனக்குப் பதில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நானா என்று பார்க்க வாயைத் திறந்து மூடினேன். அவளும் திறந்து மூடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சூடு பட்டுவிட்டது என்று பார்லர்காரம்மா பயந்துபோய்க் காதில் ஊதினார்.

திரும்பி வரும்போது காற்று பட்டுக் கலைந்துவிடும் என்று அம்மா பஸ் ஷட்டரை இறக்கிவிட்டாள். மே மாத மத்தியானம். பின்சீட்டுப் பெரியவர், "யம்மா, ஜல்தியா தொறம்மா, உள்ள வெந்து சாவறோம்" என்று கத்தினார். "கொழந்த தல கலைஞ்சிடும்ங்க" என்றாள் அம்மா. "தலையா? எங்க உசிரே போவுது" என்றார் அவர். இவ்வளவு செய்தும், பூரித்துக்கொண்டு வந்த சித்தி மகளின் மெல்லிசு முடி கூட்டேரிப்பட்டில் இறங்குவதற்குள் பழையபடி படுத்துவிட்டது. சித்தி பார்லரைத் திட்டிக்கொண்டே நடந்தாள். என் முடி மட்டும் கம்பி மாதிரியே நின்றது. எனக்கு அது நின்றதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் கிரீடம் கச்சிதமாக உட்கார்ந்தது. வரிசையில் எல்லோரும் ஒரே அச்சாக இருந்தோம். பூசை தொடங்கிய பிறகு மாமா மட்டும் உள்ளே வந்து கடைசியில் நின்று, அம்மாவைப் பார்த்து, வந்துவிட்டோம் என்று கையைக் காட்டினார். ஆண்கள் பக்கம் ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். சுருட்டை முடி ஒன்றுகூட இல்லை. பக்கவாசல் வழியாக வேப்பமரத்தடியில் தொப்பி போட்ட ஒருவர் தெரிந்தார். யாரோ டிரைவர். நற்கருணையை நாக்கில் வாங்கியபோது என்னென்ன வேண்டிக்கொள்ள வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். எதுவும் நினைவுக்கு வரவில்லை. அப்பா வந்து, என்னைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போய்விட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

பூசை முடிவில் பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் நெருங்கியதும் அம்மா பாய்ந்து வந்து என் தலைக்கு மேலே கைக்குட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். ஆசீர்வாதத்துக்குக் குடை பிடித்த தாயை அவர் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார். "இன்னாம்மா, புள்ளைக்கு வேணாமா?" என்று கேட்டு, கைக்குட்டையைத் தாண்டி இரண்டு மடங்காகத் தெளித்தார். நெற்றியில், காதோரத்தில், முகமெல்லாம் தண்ணீர்.

வெளியே வந்து நின்றோம். பெண்பிள்ளைகளைத் தேடித் தேடி அப்பாக்கள் வந்தார்கள். அந்தத் தொப்பிக்காரர் மாமாவோடு வந்து எங்கள் வரிசையைப் பார்த்தார். அவர் கண் என்மேல் பட்டு நிற்காமல் அடுத்த பெண்ணுக்குப் போனது. பிறகு திரும்பி வந்தது. என் நெற்றியில் என்னமோ ஊர்ந்தது. தண்ணீர் பட்ட இடத்தில் முடி மெல்லச் சுருண்டு, முக்காட்டை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. அவர் ஒரே எட்டில் வந்து அந்தச் சுருளைப் பிடித்து இழுத்து விட்டார். அது மறுபடி சுருண்டுகொண்டது.

நான் அம்மா பின்னால் ஒளிந்தேன்.

"யாரு பாப்பா நானு, சொல்லு?"

"தெரியாது. எங்கப்பாவுக்கு முடி இருக்கும்."

மாமா வாயைப் பொத்திக்கொண்டார். வந்தவர் தொப்பியைக் கழற்றினார். நடுத்தலை பளபளவென்று இருந்தது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பூனை முடி.

"இருந்திச்சி பாப்பா. அந்த ஊரு உப்புத் தண்ணி எல்லாத்தையும் வாங்கிக்கிச்சி" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க இன்னாடி பண்ணி வச்சிக்கிறீங்க என் முடிய?"

அம்மாவுக்கும் அவர் தலை அன்றைக்குத்தான் தெரியும். என் தலையைக் காப்பாற்றக் கொண்டுவந்த கைக்குட்டையால் அவர் தலையைத் துடைத்தாள். "வேர்த்துப்போச்சி பாருங்க, இவ்ளோ நேரம் வெயில்ல நின்னுக்கினு" என்றாள். சொல்லும்போதே அழுதாள். பார்லருக்குக் கொடுத்த காசு தண்ணீரோடு போய்விட்டதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் என் முடி முழுக்கப் பழையபடி ஆகிவிட்டது. இரண்டு நாளில் அவர் தலையும் எனக்குப் பழகிவிட்டது, தடவிப் பார்க்க நன்றாக இருந்தது. ஒரு கோபம் மட்டும் ரொம்ப நாள் இருந்தது. கடல் தாண்டி வந்தவர், நான் நன்மை வாங்கியதைப் பார்க்காமல் மரத்தடியில் நின்றுவிட்டாரே! கேட்டால், உள்ளே கூட்டம் என்றார். கூட்டமே இல்லை. ஆண்கள் பக்கம் பாதி இடம் காலியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தலையாக நான்தானே பார்த்தேன்.

கோயிலுக்குள் போனால் ஆண்கள் தொப்பியைக் கழற்றியாக வேண்டும். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் தன்னைத் தெரியாமல் போய்விடுமோ என்று ஒரு பெரிய ஆளும் பயப்படுவார் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.