இரண்டாம் மாடி வெக்கை

அன்பழகன் தேவிகாபுரத்துக்காரன். அப்பா தருமன் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். வீட்டுக்கு அரசாங்கம் கொடுத்த ஒற்றை விளக்கு இணைப்பு. அந்த ஒரு பல்பின் கீழேதான் சமையல், சாப்பாடு, படிப்பு எல்லாம். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் நாற்பது வயதுக்கு மேலும் அவனுக்குப் பொறுக்காது. யார் வீடாக இருந்தாலும் எழுந்து போய் அணைத்துவிட்டுத்தான் உட்காருவான். மின்சாரப் பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு பெரிய ஐ.டி. கட்டடத்தின் ஏசி அறையில் பல வருடம் வேலை பார்த்தான். அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டபோது ஊர் திரும்பினான்.

ஆரணியில் குமரேசன் என்பவர் அப்போதுதான் நான்கு மாடியில் பட்டுக் கடை கட்டி முடித்திருந்தார். லிஃப்ட், ஜெனரேட்டர், ஏசி, தண்ணீர் மோட்டார் என்று அங்கே ஓடுகிற எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வேலை அன்பழகனுக்குக் கிடைத்தது. கட்டடம் பார்க்க அழகு. மேற்குப் பார்த்த முகப்பு முழுக்கக் கண்ணாடி. எதிரே வெயிலை மறைக்க ஒரு மரமோ கட்டடமோ கிடையாது. மத்தியானத்துக்கு மேல் சூரியன் நேராகக் கடைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அதைத் துரத்த ஏசி இரவு வரை மூச்சு வாங்கும்.

"கடையில சம்பாரிக்கிறதெல்லாம் கரண்டு ஆபீசுக்கு மொய் எழுதிகினு கீறேன்," என்றார் குமரேசன் ஒருநாள். "தெனம் ஒருத்தன் வந்து புதுசா ஒண்ணு காட்டுறான். கரண்டு மிச்சமாவும்ன்றான். எது நெஜம், எது டூப்புன்னு எனக்கு இன்னா தெரியும்? நீ எல்லாத்தையும் வரவழைச்சுப் பாரு. நீ சொல்றதத்தான் நான் வாங்குவேன்."

தன் சொல்லுக்காக ஒரு முதலாளி காத்திருக்கிறார் என்பது அன்பழகனுக்குப் புதிது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் ஒரு தனி உற்சாகத்தில் இருந்தான். மாடிக்கு ஒரு மீட்டர் மாட்டினான். முகூர்த்த நாளை முகூர்த்த நாளோடும் வெறிச்சோடிய நாளை வெறிச்சோடிய நாளோடும்தான் ஒப்பிட வேண்டும் என்று வைத்துக்கொண்டான். முதலில் வந்தது பிளக்கில் சொருகுகிற ஒரு பெட்டி. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன கெப்பாசிட்டரும் பச்சை விளக்கும்தான். விற்க வந்தவர் மறுபடி வரவில்லை. அடுத்து மொட்டை மாடிக்கு அடிக்கிற வெள்ளை பெயின்ட். ஒரு மூலையில் அடித்துப் பார்த்தான், கீழே சூடு இறங்குவது உண்மையாகவே குறைந்தது. கண்ணாடியில் ஒட்டுகிற ஃபிலிமும் அப்படித்தான். ஒட்டிய இடத்தில் வெயில் பாதி வெளியிலேயே நின்றது.

கடைசியாக வந்தது ஆட்களை எண்ணும் கருவி. சென்னையிலிருந்து கிரண் என்ற இளைஞன் கொண்டுவந்தான். கூரையில் பொருத்திய கேமரா எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஆள் வந்தால் ஏசி ஓடும், போனால் நிற்கும்.

"எங்க மீட்டர நம்ப வேணாம் சார்," என்றான் கிரண். "உங்க மீட்டர்லயே பாருங்க. ஒத்து வரலன்னா நானே கழட்டி எடுத்துட்டுப் போயிடுறேன்."

அன்பழகன் இரண்டாம் மாடியில் அதை வைத்துப் பார்த்தான். எங்காவது ஏமாற்று இருக்கும் என்று நினைத்துத்தான் தேடினான். இல்லை. மின்சாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தை போய் மாசி வந்தபோதும் அப்படியே நின்றது. ஆள் இல்லாத அறையில் விளக்கை அணைக்கிற தன் வேலையை ஒரு இயந்திரம் தன்னைவிட நன்றாகச் செய்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. மூன்றும் வேலை செய்கின்றன, மூன்றையும் சேர்த்துச் செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தான்.

குமரேசன் மூன்றில் ஒன்றைத்தான் எடுத்தார். ஃபிலிம் ஒட்டினால் கண்ணாடி கறுத்துவிடும், பொம்மைக்குக் கட்டிய கல்யாணப் பட்டு ரோட்டிலிருந்து தெரியாது என்றார். மொட்டை மாடியை ஏற்கெனவே விளம்பர போர்டுக்கு விட்டாயிற்று. எண்ணும் கருவி எல்லா மாடிக்கும் வந்தது.

அக்னி நட்சத்திரம் பிறந்தது. அன்பழகனின் அறை தரைக்குக் கீழே, ஜெனரேட்டர் பக்கத்தில். ஏதாவது ரிப்பேர் என்றால்தான் மேலே போவான். ஒரு மத்தியானம் போன் வந்தது. லிஃப்டைப் பிடித்து வைக்கச் சொன்னார்கள். இரண்டாம் மாடியில் லீலா விழுந்துவிட்டாள்.

லீலா கடை திறந்த நாளிலிருந்து வேலை பார்ப்பவள், ஐம்பதை ஒட்டிய வயது. அன்பழகன் போய்ச் சேர்ந்தபோது நிலா என்ற சேல்ஸ் பெண் அவள் தலையை மடியில் வைத்து அட்டைப் பெட்டியின் மூடியால் விசிறிக்கொண்டிருந்தாள். நிலாவுக்குச் சந்தவாசல். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். லிஃப்டை விட்டு வெளியே கால் வைத்ததும் அன்பழகனுக்கு முகத்தில் சூளை அனல் போல அடித்தது. கண்ணாடி வழியாக வெயில் கவுன்டர் வரை நீண்டு கிடந்தது. ஒரு ஏசியும் ஓடவில்லை.

"எப்பலேருந்து இப்படி?" என்றான்.

"வெயில் ஏறுனதுலேருந்தே இப்படித்தாண்ணா," என்றாள் நிலா. "கஸ்டமர் வந்தா ஓடுது. போனா நின்னுடுது. நாங்க சொல்லிகினேதான் கீறோம். யாரு கேக்குறாங்க?"

லீலாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் கருவியின் திரையைப் பார்த்தான். இரண்டாம் மாடியில் ஆட்கள்: பூஜ்யம். அவன் கண்ணெதிரே ஏழெட்டுப் பெண்கள் வியர்த்து நின்றுகொண்டிருந்தார்கள். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துக் கிரணைக் கூப்பிட்டான்.

"கெட்டுப் போகல சார். அது யூனிஃபார்ம் ஃபில்டர்," என்றான் கிரண், எந்த ஒளிவும் இல்லாமல். "மெரூன் புடவையோ, உங்களது மாதிரி மெரூன் சட்டையோ பார்த்தா ஸ்டாஃப்னு தெரிஞ்சுக்கும். எண்ணாது. கடையில ஸ்டாஃப் எப்பவும் இருப்பாங்க இல்ல சார்? அவங்களையும் எண்ணினா ஏசி எப்ப நிக்கும்? சேவிங்ஸே வராது."

அன்பழகன் போனை வைத்தான். குளிர்காலத்தில் அவன் அளந்து அளந்து சந்தோஷப்பட்ட அந்த மூன்றில் ஒரு பங்கு இங்கே இருந்துதான் வந்திருக்கிறது. அப்போது மீட்டரைப் பார்த்தான், வெளியே அடிக்கிற வெயிலைப் பார்த்தான். கவுன்டருக்குப் பின்னால் ஒருநாள்கூட நின்று பார்க்கவில்லை.

அன்று சாயந்திரமே குமரேசனிடம் போனான். அவர் கெட்டவர் இல்லை. லீலாவின் வைத்தியச் செலவை அவரேதான் ஏற்றுக்கொண்டிருந்தார்.

"பாவம்தான். இல்லேன்னு சொல்லல," என்றார். "ஆனா எங்கப்பா தறிக்குழியில கால தொங்கவுட்டுகினு ஆயுசுக்கும் நெய்ஞ்சாரு. அவருக்கு ஏசியா இருந்துச்சு?"

"அங்க ஜன்னல் இருந்துச்சு மொதலாளி. இங்க கண்ணாடி. தெறக்க முடியாது."

"ஃபேன் போடலாமான்னு கேட்டா, தூசி கெளம்பி பட்டு மேல படியும்னு நீயே சொல்லுவ."

"ஸ்டாஃபையும் எண்ணச் சொல்லலாம். மிச்சம் கொஞ்சம் கொறையும், அவ்ளோதான். கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுனா அதுவும் சரியாப் போயிடும்."

குமரேசன் மெதுவாகச் சொன்னார்: "இது வேல செய்யுதுன்னு எழுதிக் குடுத்தது நீதானப்பா? இப்ப வேல செய்யுது. நல்லாவே செய்யுது. வுடு, மழ வந்தா சரியாயிடும்."

அந்த ஒரு செட்டிங்கை மட்டும் அன்பழகனால் மாற்ற முடியாது. அது சென்னையில் கிரணின் கம்பெனி கையில் இருந்தது. மறுநாள் இரண்டாம் மாடிக்குப் போய் நடந்ததைப் பெண்களிடம் அப்படியே சொன்னான். சொல்லாமல் இருக்க அவனால் முடியவில்லை.

"அப்ப நாங்க மனுசங்க கணக்குலயே இல்லியா?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நிலா மட்டும் கூரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு கஸ்டமருக்குக் காட்டப் பிரித்துப் போட்டிருந்த ஒரு மாம்பழ நிறப் பட்டுப் புடவையை எடுத்து, யூனிஃபார்ம் தெரியாதபடி மேலே சுற்றிக்கொண்டு, கவுன்டரைத் தாண்டி வந்து நடுவில் நின்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஏசியின் தகடு திறந்தது. குளிர் காற்று இறங்கியது.

"வந்துட்சுடி!" என்று கத்தினாள். எல்லோரும் ஓடிவந்து அவளைச் சுற்றி நின்று முகத்தை மேலே தூக்கிக்கொண்டார்கள். அன்பழகன் அந்த வருடம் மனம்விட்டுச் சிரித்தது அப்போது மட்டும்தான்.

அதன் பிறகு கூட்டம் இல்லாத மத்தியானங்களில் யாராவது ஒருத்தி முறை வைத்துப் பட்டு சுற்றிக்கொண்டு நின்றாள். சூப்பர்வைசருக்கும் குளிர் தேவைதான், அவரும் கண்டுகொள்ளவில்லை. லீலா மட்டும் திரும்பி வரவில்லை. சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது, இனி வெக்கையில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வெக்கை இல்லாத வேலை அவளுக்கு எங்கே கிடைக்கும்? வீட்டில் இருந்தாள்.

ஆனி முடிவதற்குள் குமரேசனின் போனுக்குச் சென்னையிலிருந்து ஒரு தகவல் வந்தது. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் கிரண் அனுப்பியதுதான். இரண்டாம் மாடிக்கு மத்தியானத்தில் ஆட்கள் வருகிறார்கள், நெடுநேரம் நிற்கிறார்கள், ஆனால் பில் ஆவதே இல்லை, விற்பனையைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று. குமரேசன் கேமராவை ஓட்டிப் பார்த்தார். அன்றைக்கு மாம்பழப் பட்டில் நின்றவள் நிலா.

"நாளைக்கு ஒரு பொண்ணு கழுத்துல தாலி ஏறும்போது கட்டுற பொடவ," என்றார் குமரேசன். கோபத்தைவிட வருத்தம்தான் அவர் குரலில் அதிகம் இருந்தது. "அதுல இவ வேர்வை படலாமா? நீயே சொல்லு."

"நான்தான் சொல்லிக் குடுத்தேன் மொதலாளி. என்னை அனுப்புங்க."

"உன்ன அனுப்பிட்டு லிஃப்ட் நின்னா நான் யார தேடுறது? பேஜார் பண்ணாத. போய் வேலையப் பாரு."

நிலாவை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். அன்பழகன் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனான். நானும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று வழியில் சொன்னான்.

"வுட்டுட்டு?" என்றாள் நிலா. "அப்பாவ படுக்கையில வெச்சிகினு நீங்க எங்கண்ணா போவீங்க? நீங்க போனா வேற ஒருத்தர் வருவாரு. அந்த மிஷின் அங்கியேதான் இருக்கும்." செய்யாறு பக்கம் செருப்புக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், விடிவதற்கு முன்னால் வண்டி ஊருக்கே வந்து ஏற்றிக்கொள்ளும் என்றாள். சந்தவாசல் வழியாகப் போகும் போளூர் பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள். அவள் சொன்னது சரி என்று தெரிந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனான்.

ஆடித் தள்ளுபடி முடிந்ததும் கிரண் புதிய மென்பொருளோடு வந்தான். இனி யூனிஃபார்ம் நிறத்தை வைத்து அடையாளம் காணாது, முகத்தை வைத்தே காணும். யார் எதைச் சுற்றிக்கொண்டாலும் ஏமாறாது. அதற்கு ஒவ்வொருவர் முகத்தையும் படம் எடுத்து ஏற்ற வேண்டும். அந்த வேலையை அன்பழகனிடம் கொடுத்தார்கள்.

பெண்கள் எதற்கென்று தெரிந்துதான் வந்தார்கள். இருந்தாலும் போட்டோ என்றதும் தலையை ஒதுக்கிக்கொண்டார்கள், பொட்டைச் சரி செய்தார்கள், ஒருத்தி பவுடர்கூடப் போட்டுக்கொண்டு வந்தாள். நேரே பாருங்க, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க என்று ஒவ்வொருவராக எடுத்தான். சிலர் சிரித்தபடி நின்றார்கள். அவன் யாரையும் சிரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியில் அவன் முகத்தையும் கிரண் எடுத்துக்கொண்டான்.

அந்த வருடம் வியாபாரிகள் கூட்டம் ஒன்றில், மின்சாரம் மிச்சம் பிடித்ததற்காகக் குமரேசனுக்கு மாலை போட்டுக் கேடயம் கொடுத்தார்கள். வேலூர், காஞ்சிபுரம் பக்கத்துக் கடைக்காரர்கள் கருவியைப் பார்க்க வந்தார்கள். சுற்றிக் காட்டுவது அன்பழகன். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துச் சொன்னான்: "மிச்சமாவுது சார், உண்மைதான். ஆனா உள்ள நிக்கிற ஆளுங்க வெந்து போயிடுறாங்க. மொதல்ல கண்ணாடிய சரி பண்ணிட்டு, ஸ்டாஃபையும் எண்ண வெச்சுப் பண்ணுங்க."

"வியாபாரம் எதனா கொறைஞ்சுதா?" என்று கேட்டார் ஒருவர்.

"இல்ல."

"அப்புறம் இன்னாப்பா?" என்றார் அவர், அவன் சொன்னது புரியாமல்.

அடுத்த சித்திரையில் இரண்டாம் மாடியில் ஒரு பல்ப் போய்விட்டது என்று அன்பழகன் ஏணியோடு போனான். மாடியில் கஸ்டமர் யாரும் இல்லை, ஏசியும் நின்றிருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி, தேசூர்ப் பக்கமாம், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அவனிடம் வந்தாள்.

"அண்ணா, ஏசி ரிப்பேருங்களா?"

"இல்லம்மா," என்றான். "நல்லா வேல செஞ்சிகினுதான் கீது."

பல்பை மாட்டிவிட்டு ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினான்.